சம்பந்தி வீட்டுச் சீடர் (cedar) மரப்பெட்டியும் கண்ணாடி உருண்டைகளும்: காலத்தை எப்படிக் கணிப்பது?

கேள்வி: எடிசன் மங்கை

அனைவருக்கும் வணக்கம். நான் நியூ ஜெர்சியில் மகன் வீட்டில் இருக்கிறேன். என் மருமகள் பென்சில்வேனியா மாநிலத்தில் லான்காஸ்டர் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய பாட்டிக்கு, அதாவது எங்கள் சம்பந்தி அம்மாளைப் பெற்றவருக்கு, இப்போது 95 வயது. அவர் முதியோர் இல்லத்துக்குப் போன பிறகு வீட்டை ஒழித்தார்கள். கட்டிலின் கால்மாட்டில் இருந்த பெரிய மரப்பெட்டியை உள்ளிருந்த பொருள்களோடு அப்படியே எங்கள் வீட்டில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். நவம்பர் மாதம் தேங்க்ஸ்கிவிங் அன்று பேரப்பிள்ளைகள் எல்லாரும் கூடும்போது பிரித்துக்கொள்வதாகப் பேச்சு. இரண்டு பேர் விற்றுவிடலாம் என்கிறார்கள். அதற்குள் எது எந்தக் காலத்தது என்று ஒரு பட்டியலாவது எழுதிவைக்க வேண்டும் என்று அந்தப் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். என் மாமியார் வீட்டில் ஒரு பெட்டி நிறையக் கொலுப் பொம்மைகள் இருந்தன; எதை யார் எப்போது வாங்கினார்கள் என்று சொல்ல இன்று ஒருவரும் இல்லை. இந்த அக்கறை அங்கிருந்து வந்ததுதான்.

பெட்டி ஏறக்குறைய 4 அடி நீளம். வெளிப்புறம் பழுப்பு நிறத்தில் மெருகிடப்பட்டது. உட்புறம் மெருகு ஏதும் இல்லாத செந்நிற மரம். திறந்தால் பென்சில் சீவிய வாசனை வருகிறது. மூடியின் உட்புறத்தில் லேன் என்ற பெயரைச் சூடுபோட்டுப் பதித்திருக்கிறார்கள். சாய்த்துப் பார்த்தபோது அடிப்பலகையில் 157101 என்ற எண் தெரிந்தது.

மேலே இரண்டு கம்பளிப் போர்வைகளும், பூவேலை செய்த ஒரு மேசைவிரிப்பும் இருந்தன. அவற்றின் கீழே செய்தித்தாளில் சுற்றிய கிறிஸ்துமஸ் மர அலங்காரப் பொருள்கள். சில உருண்டைகளில் உள்ளே வெள்ளிப்பூச்சு மின்னுகிறது. வேறு சிலவற்றில் பூச்சே கிடையாது. வெறும் கண்ணாடியில் வெளிறிய நிறத்தில் கோடுகள் மட்டும் போட்டிருக்கிறார்கள், தலையில் உலோகத் தொப்பிக்குப் பதிலாக மடித்த அட்டைத் துண்டு செருகப்பட்டிருக்கிறது. கண்ணாடியில் ஊதிய ஒரு குருவியும் இருக்கிறது. அதன் வால் மயிரிழை போன்ற கண்ணாடி நூல்களால் ஆனது, கால் இருக்க வேண்டிய இடத்தில் கிளையைக் கவ்வுவதற்கு ஒரு கிளிப். அது இருந்த அட்டைப்பெட்டியில் ஜெர்மனி, அமெரிக்க மண்டலம் என்று ஆங்கிலத்தில் முத்திரை இருக்கிறது. இவை தவிர, சாம்பல் நிறத்தில் கனமான ஜிகினா இழைகள் ஒரு கட்டு, ஒரு பச்சைக் கண்ணாடி வெள்ளரிக்காய், பெரிய பெட்டியின் அச்சாகவே செய்த 9 அங்குல மரப்பெட்டி ஒன்று. அந்தச் சின்னப் பெட்டி நிறையப் பொத்தான்கள்.

பெட்டி வந்த கதையில்தான் எனக்குக் குழப்பம். 1948-ல் பள்ளிப் படிப்பு முடித்தபோது ஒரு கடையில் லேன் பெட்டி சும்மா கொடுத்தார்கள் என்று பாட்டி திரும்பத் திரும்பச் சொல்கிறார். 1952-ல் நடந்த திருமணத்துக்காக அவருடைய அப்பா காசு கொடுத்து வாங்கியது என்கிறார் சம்பந்தி அம்மாள். இவ்வளவு பெரிய பெட்டியை எந்தக் கடைக்காரர் இலவசமாகக் கொடுப்பார், அம்மாவுக்கு நினைவு தடுமாறுகிறது என்று அவர் வருத்தப்படுகிறார். யார் சொல்வதை நான் எழுதுவது?

பதில்: பழம்பொருள் நேசன்

அம்மா, அந்த எண்ணைக் கடைசி இலக்கத்திலிருந்து முன்னோக்கிப் படியுங்கள்: 101751. பத்தாம் மாதம், 17-ஆம் தேதி, 51-ஆம் ஆண்டு. வர்ஜீனியா மாநிலத்தின் அல்டாவிஸ்டா என்ற ஊரில் 1912-ல் தொடங்கிய லேன் நிறுவனம், பெட்டி தயாரான நாளை இப்படித் தலைகீழாக்கி அடிப்பலகையில் பதித்துவந்தது. ஆகவே உங்கள் பெட்டி 1951 அக்டோபர் 17 அன்று ஆலையில் முடிக்கப்பட்டது. அங்கிருந்து கடைக்குப் போய் விற்பனையாகும் காலத்தையும் சேர்த்துக்கொண்டால் 1952 திருமணம் என்பது அழகாகப் பொருந்துகிறது. 1948 என்பதற்கு இந்த எண் இடம் கொடுக்காது.

லான்காஸ்டர் பக்கத்தவர் என்பதால் ஒன்று சொல்கிறேன். மணமாகப் போகும் பெண் போர்வை, விரிப்பு, துவாலை என்று தன் குடித்தனத்துக்குச் சேர்த்துவைக்கும் பெட்டி அந்த வட்டாரத்துக்கு மிகப் பழைய வழக்கம். 18-ஆம் நூற்றாண்டிலேயே அங்கே குடியேறிய ஜெர்மானியர்கள் பெட்டியின் முகப்பில் துலிப் மலர்களும் பறவைகளும் தீட்டி, உரியவரின் பெயரையும் ஆண்டையும் எழுதிவைத்தார்கள். அந்தப் பெட்டிகள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. லேன் போன்ற நிறுவனங்கள் அதே வழக்கத்தை ஆலை உற்பத்திக்குக் கொண்டுவந்து நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டும் விலையில் கொடுத்தன. முகப்பில் பெயர் போய், அடியில் எண் வந்தது.

இனி உருண்டைகள். எனக்கு உங்கள் பட்டியலில் மிகவும் பிடித்தவை பூச்சில்லாத அந்தக் கண்ணாடி உருண்டைகள்தான். கண்ணாடி அலங்காரப் பொருள்களின் தாய்வீடு ஜெர்மனியின் துரிங்கியா மலைப்பகுதியில் உள்ள லௌஷா. அங்கே கண்ணாடி உலை 1597-லேயே வந்துவிட்டது. 1867-ல் எரிவாயு ஆலை வந்த பிறகு சீரான சூட்டில் மெல்லிய உருண்டைகளை ஊத முடிந்தது. ஒருவர் ஊத, இன்னொருவர் உள்ளே வெள்ளிக் கரைசலைச் சுழற்ற, சிறுவர்கள் தொப்பி மாட்ட என்று குடும்பம் முழுவதும் வீட்டிலேயே வேலை செய்தது. லான்காஸ்டரில் 1879-ல் கடை திறந்த உல்வொர்த், சுமார் 1880-ல் இவற்றை அரை மனதோடுதான் வாங்கிப் பார்த்தார் என்பார்கள். பத்தாண்டுகளில் லட்சக்கணக்கில் வரவழைக்கத் தொடங்கினார். ஆகவே உங்கள் சம்பந்தி வீட்டாரின் முன்னோர்கள் அமெரிக்காவிலேயே இவற்றை முதலில் கடையில் பார்த்தவர்களாகக்கூட இருக்கலாம்.

1930-களின் இறுதியில் ஐரோப்பாவில் போர் மூளும் என்பது தெரிந்துவிட்டது. ஜெர்மனியிலிருந்து இறக்குமதி செய்துவந்த மாக்ஸ் எக்கார்ட் என்பவர், உல்வொர்த் நிறுவனத்தின் துணையோடு கார்னிங் கண்ணாடி நிறுவனத்தாரிடம் பேசினார். மின்விளக்குக் குமிழ் செய்வதற்காக அவர்கள் பென்சில்வேனியாவின் வெல்ஸ்பரோவில் வைத்திருந்த இயந்திரத்தில் 1939-ல் உருண்டைகள் வரத் தொடங்கின. கையால் ஊதுபவர் நாளெல்லாம் உழைத்தாலும் சில நூறுதான் முடியும்; 1940-ல் அந்த இயந்திரம் நாளொன்றுக்குச் சுமார் 3 லட்சம் உருண்டைகளைத் தள்ளியது. எக்கார்ட் அவற்றுக்கு வண்ணம் பூசி ஷைனி பிரைட் என்ற பெயரில் விற்றார்.

பிறகு அமெரிக்காவே போரில் இறங்கியது. உள்ளே பூசும் வெள்ளிக்கும் தொப்பிக்கான உலோகத்துக்கும் தட்டுப்பாடு வந்தது. அதனால்தான் பூச்சில்லாத கண்ணாடி, மெல்லிய கோடுகள், அட்டைத் தொப்பி. இந்த மூன்றும் ஒரே உருண்டையில் சேர்ந்திருந்தால் அது போர்க்காலத்தது, பெரும்பாலும் 1942-க்கும் 1945-க்கும் இடைப்பட்டது. அப்படியானால் பெட்டியைவிட உள்ளே இருப்பவை மூத்தவை. பாட்டி பள்ளிச் சிறுமியாக இருந்தபோது அவருடைய அம்மா வாங்கித் தொங்கவிட்ட உருண்டைகளாக இவை இருக்கலாம்.

வெள்ளிப்பூச்சு உள்ளவற்றின் தொப்பியை ஒரு பூதக்கண்ணாடியால் பாருங்கள். நிறுவனப் பெயரும் அமெரிக்காவில் செய்தது என்ற குறிப்பும் தொப்பியிலேயே இருந்தால் போருக்குப் பிந்தையவை. ஆனால் உடைந்த உருண்டையின் தொப்பியைக் கழற்றி இன்னொன்றுக்கு மாட்டுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். தொப்பியை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். 2000-களில் இதே பெயரில் பழைய பாணியிலேயே புதிதாகச் செய்து விற்றவையும் உண்டு. அவற்றின் பெட்டியில் புதிய நிறுவனத்தின் பெயர் இருக்கும்.

குருவிக்கு வருகிறேன். அமெரிக்க மண்டலம் என்ற முத்திரை 1945 முதல் 1949 வரை, ஜெர்மனியை நான்கு நாடுகள் பங்கிட்டு ஆண்ட காலத்துக்கு உரியது. லௌஷா அப்போது சோவியத் மண்டலத்தில் இருந்தது. அங்கிருந்து வெளியேறிய கண்ணாடித் தொழிலாளர் பலர் எல்லையைத் தாண்டிப் பவேரியாவில் உள்ள நொய்ஸ்டாட் பக்கம் குடியேறித் தொழிலைத் தொடர்ந்தார்கள். உங்கள் குருவியும் அந்தக் கைகளில் பிறந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். அதன் வாலைத் தொடாதீர்கள். இழை ஒடியும், ஒடிந்தது விரலில் ஏறும். கசங்கி நைந்திருந்தாலும் அந்த அட்டைப்பெட்டியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். முத்திரை இருப்பது அதில்தானே.

பதில்: தச்சன் பேரன்

வயதைக் கணிப்பது இருக்கட்டும், வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறதா? இருந்தால் இன்றே திருப்புளியை எடுத்துப் பெட்டியின் பூட்டுக் கொக்கியைக் கழற்றிவிடுங்கள். 1912 முதல் 1987 வரை செய்யப்பட்ட லேன் பெட்டிகளில் மூடி விழுந்தவுடன் தானாகவே பூட்டிக்கொள்ளும் அமைப்பு இருந்தது; உள்ளிருந்து திறக்க வழியில்லை. விளையாட்டாக உள்ளே ஏறிய குழந்தைகள் மூச்சுமுட்டி இறந்த பிறகு, 1996-ல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் சுமார் 1.2 கோடிப் பெட்டிகளுக்குப் பூட்டை மாற்றச் சொல்லி அறிவித்தது. வீட்டின் மூலையில் கிடக்கும் பெட்டிக்கு அறிவிப்பு எங்கே போய்ச் சேரும்? இன்னும் ஏராளமானவற்றில் பழைய பூட்டுதான் இருக்கிறது. கழற்றிய பூட்டை உறையில் போட்டு, எந்தப் பெட்டியுடையது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் வரலாற்றுக்கு எந்தக் குறையும் வராது.

பென்சில் வாசனை என்று சொன்னீர்கள். சரியான மூக்கு! அது கிழக்கு அமெரிக்காவின் செஞ்சீடர். உண்மையில் ஜூனிபர் இனம். பென்சிலும் அந்த மரத்தில்தான் செய்தார்கள். வாசனை குறைந்துவிட்டதென்று யாராவது உள்ளே வார்னிஷ் அடிக்கச் சொன்னால் கேட்காதீர்கள். மென்மையான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் தூசியைத் துடைத்தாலே வாசனை திரும்பும். கம்பளியை அரிக்கும் பூச்சி அறவே வராது என்ற நம்பிக்கையையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். மரத்தின் எண்ணெய் சிறு புழுக்களை ஓரளவு தடுக்குமே தவிர, ஏற்கனவே பூச்சி பிடித்த போர்வையைக் காப்பாற்றாது.

அந்த எண்ணெய் ஆவிக்கு இன்னொரு குணம் உண்டு. மூடிய பெட்டிக்குள் நாள்பட இருந்தால் வண்ணப்பூச்சையும் அரக்கையும் இளக்கிப் பிசுபிசுப்பாக்கிவிடும். ஆகவே உருண்டைகள் இனி அதற்குள் போக வேண்டாம். தனி அட்டைப்பெட்டியில், மாடியறையின் சூடும் நிலவறையின் ஈரமும் இல்லாத அலமாரியில் வையுங்கள். மேசைவிரிப்பு போன்ற துணிகள் மரத்தில் நேரடியாகப் பட்டால் பழுப்பேறும். கஞ்சி போகத் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

சாம்பல் நிறக் கனமான ஜிகினா ஈயமாக இருக்கும். 1972-க்குப் பிறகு அமெரிக்காவில் அதை விற்கவில்லை. ஒன்றிரண்டு இழைகளை மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் அடையாளத்துக்கு வைத்துக்கொண்டு, மிச்சத்தை உங்கள் ஊர் அபாயக் கழிவு சேகரிப்பில் கொடுங்கள். தொட்டால் கையைக் கழுவுங்கள். குழந்தைகள் கையில் கொடுக்கவே வேண்டாம்.

பதில்: ஏட்டுக்காரி

நான் நூலகத்தில் ஆவணப் பிரிவில் வேலை செய்பவள். நேசன் ஐயா பொருள்களின் வயதைச் சொல்லிவிட்டார். குடும்ப வரலாறு என்பது பொருளின் வயதோடு முடிவதில்லை. அது யார் கையில், எந்த வரிசையில், எதோடு சேர்த்து வைக்கப்பட்டிருந்தது என்பதில்தான் அதிகம் இருக்கிறது. அந்த வரிசை ஒரு முறை கலைந்தால் மறுபடி கிடைக்காது. ஆகவே இன்னும் வெளியே எடுக்காத பொருள்கள் இருந்தால் கையை வைக்குமுன் அடுக்கு அடுக்காகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

செய்தித்தாள்களை நீங்கள் போகிறபோக்கில் குறிப்பிட்டீர்கள். எனக்கு அவைதான் முதலில் கண்ணில் பட்டன. ஒவ்வொரு தாளையும் பிரித்து மேல்விளிம்பில் தேதியும் ஊரும் தெரிகிறதா என்று பாருங்கள். அந்தத் தேதி பொருளின் வயதைக் காட்டாது. அது கடைசியாக எப்போது சுற்றி வைக்கப்பட்டது என்பதையே காட்டும். ஆண்டுதோறும் மரத்தில் ஏறி இறங்கிய பொருள்கள் புதிய தாளில் இருக்கும். பழைய தாளிலேயே இருப்பவை அந்த ஆண்டுக்குப் பிறகு வெளியே வராதவை. ஒரு குடும்பம் எதைக் கொண்டாடியது, எதை எடுக்காமலே பத்திரப்படுத்தியது என்பது இதில் தெரிந்துவிடும். எந்தத் தாள் எதைச் சுற்றியிருந்தது என்று குறித்துப் படமெடுத்த பிறகு அந்தத் தாள்களைத் தனி உறைக்கு மாற்றுங்கள். செய்தித்தாளில் அமிலம் இருக்கிறது, மையும் ஒட்டும். இனிச் சுற்றுவதற்கு அமிலமற்ற வெள்ளை மென்காகிதம் வாங்குங்கள்.

அடுத்து, பாட்டியிடம் பேசும் முறை. எந்த ஆண்டு என்று கேட்டால் 95 வயதில் யாருக்கும் பதற்றமாகத்தான் இருக்கும். பொருளைக் கையில் கொடுத்து, இதை மரத்தில் யார் மாட்டுவார், எந்தக் கிளையில், உடைத்தவர் யார் என்று கேளுங்கள். உருண்டைகளைக் கொண்டுபோக வேண்டாம். அந்தச் சின்னப் பெட்டியைக் கொண்டுபோங்கள். உங்கள் மருமகளே கேட்கட்டும், கைப்பேசியில் ஒலிப்பதிவு ஓடட்டும்.

சின்னப் பெட்டி என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. லேன் நிறுவனம் பல ஆண்டுகளாக ஒரு விளம்பர ஏற்பாடு வைத்திருந்தது. உயர்நிலைப் பள்ளி முடிக்கும் பெண்கள் உள்ளூர் மரச்சாமான் கடைக்குப் போனால், பெரிய பெட்டியின் வடிவிலேயே செய்த 9 அங்குலச் சீடர் பெட்டி ஒன்றை இலவசமாகக் கொடுப்பார்கள். நாலைந்து ஆண்டுகளில் கல்யாணத்துக்குப் பெரிய பெட்டி வாங்க அதே கடைக்கு அப்பாவை அழைத்து வருவாள் என்பது கணக்கு. அவர் 1948-ல் லேன் பெட்டியைச் சும்மா வாங்கினேன் என்று சொல்வது, பொத்தான் பெட்டியைப் பற்றியதாக இருக்குமோ? அந்தப் பெட்டியைத் திருப்பியும் திறந்தும் பாருங்கள். கொடுத்த கடையின் பெயர் பல பெட்டிகளில் அச்சிட்டிருக்கும். பெயர் கிடைத்தால் சம்பந்தி அம்மாளிடம் மறக்காமல் சொல்லுங்கள். இரண்டு பேரும் இரண்டு பெட்டிகளைப் பற்றி உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

பதில்: நல்லூரான்

பிரித்துக்கொள்வதைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு உள்ளறையில் அம்மம்மாவின் சீதனப் பெட்டகம் ஒன்று இருந்தது. 1995 அக்டோபர் 30 இரவு ஊரே வெளியேறியபோது வீட்டோடு அதையும் விட்டுவிட்டு வந்தோம். பிறகு போய்ப் பார்த்த மாமா சுவர் நிற்பதாகச் சொன்னார், பெட்டகம் இல்லை. எங்களிடம் அதன் படம் ஒன்றுகூட இல்லை. டொரண்டோவுக்கு வந்த பிறகு அம்மா சொல்லச் சொல்ல, உள்ளே என்னென்ன எந்தத் தட்டில் இருந்தன என்று அக்கா ஒரு கொப்பியில் எழுதினாள். கூறைச்சேலை எந்தப் பக்கம், உறுதிக்கடதாசி எந்தத் துணிக்குள், பித்தளைப் பூட்டின் திறப்பு எங்கே தொங்கும் என்பது வரை அதில் இருக்கிறது. இன்று சகோதரர் ஐவரின் வீட்டிலும் அந்தக் கொப்பியின் பிரதி உண்டு. பொருள் ஒன்றும் இல்லாத எங்களுக்கே அது இவ்வளவு உதவுகிறது என்றால், பொருளும் கையில் இருக்க, சொல்லக்கூடியவரும் உயிரோடு இருக்க, நீங்கள் எவ்வளவோ செய்யலாம்.

ஆகவே என் யோசனை இதுதான். ஆளுக்கொரு உருண்டையை எடுத்துக்கொண்டு போவதில் தவறில்லை. பிள்ளைகள் எடுத்துப் பாவித்தால்தான் அதற்கும் மதிப்பு. ஆனால் எடுத்துப்போகும் ஒவ்வொருவரும் முழுப் பட்டியலின் பிரதியையும் சேர்த்துக் கொண்டுபோக வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். பன்னிரண்டு குழி உள்ள அட்டைப்பெட்டியோடு வந்த தொகுதி ஏதும் முழுதாக இருந்தால் அதை மட்டும் உடைக்காமல் ஒருவருக்கே கொடுங்கள். விற்க விரும்புகிறவர்களோடு சண்டைக்குப் போகாதீர்கள். பாட்டியின் குரல் பதிவை முதலில் எல்லாருக்கும் அனுப்பிவிட்டு, பிறகு அந்தப் பேச்சை எடுங்கள்.

எடிசன் மங்கை

எல்லாருக்கும் நன்றி. பூட்டை அன்றைக்கே மகன் கழற்றிவிட்டான். 4 வயதுப் பேத்தி இருக்கிற வீடு இது.

ஏட்டுக்காரி சொன்னபடி பொத்தான்களைக் கொட்டிவிட்டுப் பார்த்தோம். சின்னப் பெட்டியின் மூடிக்குள்ளே அந்த ஊர் மரச்சாமான் கடை ஒன்றின் பெயரும் ஊர்ப் பெயரும் மங்கலாக அச்சிட்டிருக்கிறது. மருமகள் அதைப் பாட்டியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். திறந்து பார்க்காமலே கடையின் பெயரைச் சொன்னாராம். தன் வகுப்புப் பெண்கள் எல்லாரும் பள்ளி முடிந்த வாரத்தில் ஒன்றாகப் போய் வாங்கி வந்ததையும், பெரிய பெட்டியை அப்பா அதே கடையில் தவணைக்கு எடுத்ததையும் சொன்னாராம். பதிவைக் கேட்ட சம்பந்தி அம்மாள் உடனே எனக்குத் தொலைபேசியில் பேசினார். அம்மாவின் பேச்சை இனி இடைமறித்துத் திருத்த மாட்டேன் என்றார்.

செய்தித்தாள் விஷயமும் வியப்பாக இருக்கிறது. வெள்ளிப்பூச்சு உருண்டைகள் சுற்றியிருந்த தாள்கள் வெவ்வேறு ஆண்டுகளைச் சேர்ந்தவை; கடைசியாகச் சுற்றியவை 1990-களின் தாள்கள். பூச்சில்லாத அட்டைத்தொப்பி உருண்டைகள் மட்டும் எல்லாமே 1964 ஜனவரி மாதத்துத் தாளில் இருந்தன. பாட்டியின் அம்மா காலமானது அந்த ஆண்டு இளவேனிலில் என்று சம்பந்தி அம்மாள் சொல்கிறார். அந்த உருண்டைகளை மரத்தில் பார்த்ததாக அவருக்கு நினைவே இல்லை. அப்போது அவருக்கு 7 வயது.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். வெள்ளரிக்காயை மரத்தில் ஒளித்துவைத்து, முதலில் கண்டுபிடிக்கும் குழந்தைக்குக் கூடுதலாக ஒரு பரிசு கொடுப்பது தங்கள் ஜெர்மானிய முன்னோர்களின் பழைய வழக்கம் என்று இவர்கள் சொல்கிறார்கள். அப்படியே எழுதலாமா? அட்டைத்தொப்பி உருண்டைகளை இந்த ஆண்டு மரத்தில் தொங்கவிட வேண்டும் என்று மருமகள் ஆசைப்படுகிறாள். செய்யலாமா?

பதில்: பழம்பொருள் நேசன்

வெள்ளரிக்காய்க் கதையை இரண்டு வரியாகப் பிரித்து எழுதுங்கள், அம்மா. லௌஷா பக்கத்தில் பழங்களும் காய்கறிகளும் கண்ணாடியில் ஊதியது உண்மை. உங்கள் வெள்ளரிக்காயின் தொப்பியில் மேற்கு ஜெர்மனி என்று இருந்தால் அது 1949-க்கும் 1990-க்கும் இடையில் வந்தது. ஒளித்துவைத்துத் தேடும் விளையாட்டு ஜெர்மானிய வழக்கம் என்பது அமெரிக்காவில் பரவிய நம்பிக்கை. ஜெர்மனியில் விசாரித்தால் பெரும்பாலானவர்கள் கேள்விப்பட்டதே இல்லை என்பார்கள். ஆனால் உங்கள் சம்பந்தி வீட்டில் தலைமுறை தலைமுறையாக நடந்துவருவது நிஜம்தானே? முதலில் கண்டுபிடித்தவர் யார், என்ன பரிசு கிடைத்தது என்று நினைவிருப்பதையெல்லாம் எழுதுங்கள். முன்னோர் வழக்கம் என்று குடும்பத்தார் சொல்கிறார்கள் என்று, சொன்னவரின் பெயரோடு குறித்தால் போதும்.

அட்டைத்தொப்பியை நம்பித் தொங்கவிட வேண்டாம். 80 ஆண்டுப் பழைய அட்டை, கண்ணாடியின் கழுத்தில் செருகி நிற்கிறது. மரம் லேசாக ஆடினால் நழுவிவிடும். அகன்ற கண்ணாடிக் கிண்ணத்தில் பஞ்சு பரப்பி, உருண்டைகளை அதில் வைத்து மரத்தின் பக்கத்து மேசையில் வைக்கச் சொல்லுங்கள். பேத்தியின் கைக்கு எட்டாத உயரமாக இருக்கட்டும். தூசியை மென்மையான ஓவியத் தூரிகையால் மட்டும் தட்டுங்கள். ஈரத்துணி பட்டால் அந்தக் கோடுகள் கரைந்து துணியோடு வந்துவிடும்.

விற்பனையைப் பற்றிக் கேட்டவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். லேன் பெட்டிகள் லட்சக்கணக்கில் செய்யப்பட்டவை, அதனால் பெரிய தொகை எதிர்பார்க்க வேண்டாம். சாதாரண உருண்டைகளுக்கும் அப்படித்தான். குருவிக்கும் போர்க்கால உருண்டைகளுக்கும் சேகரிப்பாளர்கள் கொஞ்சம் கூடுதலாகத் தருவார்கள், அதுவும் முத்திரையுள்ள அட்டைப்பெட்டியோடு சேர்த்துக் கொடுத்தால். பட்டியலின் எண்ணைப் பொருளின் மேல் ஒட்டாதீர்கள். பசைநாடா பூச்சை உரித்துவிடும். சின்ன அட்டைச் சீட்டில் பென்சிலால் எழுதிப் பருத்தி நூலில் கட்டுங்கள், அட்டைத்தொப்பி உள்ளவற்றுக்கு மட்டும் சீட்டை அவற்றை வைக்கும் பெட்டியின் குழிக்குள் போட்டுவிடுங்கள்.